1965–66 மஸ்டாங்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கார் முரண்டு பிடித்ததும் உதிரிபாகப் பட்டியலைத் திறந்து, கண்ணில் படுவதையெல்லாம் வாங்கிக் குவிப்பது ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவர்களிடம் அதிகம் காணப்படும் பழக்கம். இந்தக் காருக்கு ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் புதிதாக இன்றும் கிடைக்கின்றன என்பதால் வந்த பழக்கம் அது. அதனால் நஷ்டம் இரண்டு. கோளாறு அப்படியே இருக்கும். கழற்றி வீசிய பழைய டிஸ்ட்ரிபியூட்டரோ கார்புரேட்டரோ தொழிற்சாலையின் அடையாள எண்ணைத் தாங்கியதாக இருந்தால் காரின் விலையும் சேர்ந்து இறங்கும். முதலில் அளந்து பாருங்கள், பிறகு கழற்றுங்கள். கழற்றியதைப் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள்.

மல்டிமீட்டர், டைமிங் லைட், ஃபீலர் கேஜ், டார்ச், துணி சுற்றிய ஒரு காந்தம், அந்தந்த ஆண்டுக்கான ஃபோர்டு பணிமனைக் கையேடு ஆகியவை கையில் இருந்தால் போதும். எந்த இன்ஜினோடு கார் தொழிற்சாலையை விட்டு வந்தது என்பதை வாகன எண்ணின் (பதிவு எண் அல்ல, தொழிற்சாலை பொறித்த VIN) ஐந்தாவது எழுத்து சொல்லும். ‘டி’ (T) என்பது 200 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின். ‘சி’, ‘ஏ’, ‘கே’ மூன்றும் 289 கன அங்குல வி8. 1965-இல் அவற்றின் திறன் முறையே 200, 225, 271 குதிரைத் திறன். கீழே உள்ளவை பெரும்பாலும் 289-க்கானவை.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும்

செல்ஃப் மோட்டாரின் மேல் உடனே பழி போடாதீர்கள். சாவியைத் திருப்பிப் பிடித்தபடி பேட்டரியின் இரு முனைகளிலும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். விழவில்லை என்றால் மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கின் வெற்று இரும்பிலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள்தான் குற்றவாளி. வண்ணம் பூசிய பிளாக்கின் மேல் கேபிளை இறுக்கியிருப்பார்கள். புதுப்பித்த கார்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. அதே சோதனையை நேர்மின் பக்கத்திலும், பேட்டரிக்குப் பின்னால் உள் மட்கார்டில் பொருத்தியிருக்கும் ரிலேயின் இரு பெரிய போல்ட்டுகளுக்கு இடையிலும் செய்யுங்கள்.

‘டக்’ சத்தமும் வரவில்லை, கார் ஆட்டோமேட்டிக் என்றால், கியரை நியூட்ரலில் வைத்து முயலுங்கள். அங்கே கிளம்பினால் நியூட்ரல் சுவிட்ச் இடம் நகர்ந்திருக்கிறது.

செல்ஃப் சுழலும்போது பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது

இந்த அறிகுறி வந்தால் எனக்கு நிம்மதி, ஏனென்றால் இது ஒரே இடத்தைத்தான் சுட்டும். மஸ்டாங்கில், தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலுக்கு மின்சாரம் இரண்டு வழிகளில் வருகிறது. செல்ஃப் சுழலும் நேரத்தில் ரிலேயின் ‘ஐ’ முனையிலிருந்து முழு மின்னழுத்தம் நேராக வரும். சாவி ஓடும் நிலைக்குத் திரும்பிய பின், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் இளஞ்சிவப்பு மின்தடைக் கம்பி வழியாகக் குறைந்த மின்னழுத்தம் வரும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயின்ட் கருகாமல் இருக்கவே அந்தக் கம்பி. அது அறுந்தாலோ, சாவி சுவிட்சின் தொடர்பு தேய்ந்தாலோ, செல்ஃப் சுழலும்வரைதான் தீப்பொறி இருக்கும்.

சாவியை ஓடும் நிலையில் வைத்து, பாயின்ட் மூடியிருக்கும்படி இன்ஜினைத் திருப்பி நிறுத்தி, காயிலின் நேர்மின் முனையை அளந்து பாருங்கள். சுமார் 5 முதல் 8 வோல்ட் வர வேண்டும். பாயின்ட் திறந்திருந்தால் மின்சாரம் ஓடாது என்பதால் மீட்டர் 12 காட்டும். அதைக் கண்டு கம்பி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாயின்ட் மூடியிருந்தும் 12 காட்டினால் யாரோ மின்தடைக் கம்பியைத் தவிர்த்து நேராக இணைத்திருக்கிறார்கள். பாயின்ட் சீக்கிரம் கருகும். எதுவுமே காட்டவில்லை என்றால் கம்பி அல்லது சுவிட்ச்.

நேரெதிர் அறிகுறியும் உண்டு. செல்ஃப் சுழலும்வரை ஒன்றும் நடக்காது, சாவியை விடும் கணத்தில் ஒரு முறை உறுமும். அங்கே ‘ஐ’ முனையின் இணைப்பைப் பாருங்கள்.

பாயின்ட்டுக்குப் பதிலாக மின்னணுத் தொகுதி வைத்த காரில் இந்தக் கணக்கு மாறும். பல தொகுதிகளுக்கு முழு 12 வோல்ட் தேவை. மின்தடைக் கம்பியிலிருந்தே அதற்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, சூடானதும் மிஸ்ஸாகிறது என்று கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மிஸ்ஃபயர், பின்வெடிப்பு, இழுவை இல்லை

இது ஒரு அறிகுறி போலத் தோன்றும் பல அறிகுறிகள். வரிசையாகப் போனால்தான் விடை கிடைக்கும்.

பாயின்ட் இடைவெளியில் தொடங்குங்கள். ‘சி’, ‘ஏ’ இன்ஜின்களுக்கு 0.017 அங்குலம், டுவெல் மீட்டரில் (பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டுவது) 26 முதல் 31 டிகிரி. டுவெல் அளவு வேகத்துக்கு ஏற்ப அலைந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் எத்தனை முறை பாயின்ட் வைத்தாலும் நிற்காது.

அடுத்து பிளக் ஒயர்களின் வரிசை. 289-க்கு 1-5-4-2-6-3-7-8. ஒன்றாம் சிலிண்டர் பயணி பக்கத்தின் முன்கோடியில் இருக்கிறது. ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். இங்கே ஒரு பொறி உண்டு. பல மஸ்டாங்களில் 289 போய், 1980-களின் 5.0 உயர்திறன் இன்ஜின் ஏறியிருக்கும். வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் அதன் கேம் ஷாஃப்ட்டுக்கு 1-3-7-2-6-5-4-8 என்ற வரிசை. பழைய கையேட்டின்படி ஒயர்களை மாட்டினால் கார்புரேட்டர் வழியே தீ வெடிக்கும். புதிதாக வாங்கிய காரில் வரிசை பொருந்தவில்லை என்றால் ஒயரைக் குற்றம் சொல்லுமுன் இன்ஜின் எது என்று பாருங்கள். விலைப் பேச்சிலும் அந்த விடைக்கு வேலை இருக்கிறது.

பிறகு டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் லைட்டைப் பிடிக்க வேண்டும். லைட் சரியான டிகிரியைக் காட்டியும் இன்ஜின் சோம்பலாக இருந்தால், லைட் படுகிற குறியையே சந்தேகியுங்கள். கிராங்கின் முன்முனையில் உள்ள பேலன்சரின் வெளி வளையம், ரப்பரால் உள் வளையத்தோடு ஒட்டப்பட்டது. அறுபது ஆண்டு வெப்பத்தில் ரப்பர் தளர்ந்து வெளி வளையம் நழுவிவிடும். அதோடு குறியும் நகரும். ஒன்றாம் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவி) வைத்து, கையால் கிராங்கை இரு திசையிலும் திருப்பி, நிற்கும் இரு இடங்களின் நடுப்புள்ளியைக் குறித்தால் பிஸ்டனின் உண்மையான மேல்முனை தெரியும். வளையம் நழுவியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஓட்டத்தில் கழன்றால் ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

கிராங்கை முன்னும் பின்னும் அசைக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ரோட்டாரையும் கவனிக்கலாம். கிராங்க் எட்டுப் பத்து டிகிரி திரும்பிய பிறகுதான் ரோட்டார் அசைகிறது என்றால் டைமிங் செயின் தொய்ந்துவிட்டது. அக்காலத்து ஃபோர்டு கேம் பல்சக்கரங்களில் நைலான் பல் பொதிந்தவை உண்டு. அந்தப் பல் உதிர்ந்து ஆயில் வடிகட்டி வலையை அடைக்கும். அதன்பின் ஆயில் அழுத்தம் குறைகிறது என்று பம்ப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஆயில் பேனைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தடுமாறிப் பிறகு ஓடினால் கோளாறு வேறு. ஆட்டோலைட் 2100 கார்புரேட்டரின் மூச்சுக் குழாயை மேலிருந்து பார்த்தபடி, இன்ஜினை ஓட்டாமல் லிவரைத் தள்ளுங்கள். இரு தாரைகளாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் ஆக்ஸிலேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் போய்விட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை வேகமாகக் கெடுக்கிறது. எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரம் உள்ள பெட்டி வாங்குங்கள். கார்புரேட்டரை முழுதாக மாற்ற வேண்டாம்.

ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனம், மேலே ‘டிக் டிக்’ என்ற சத்தம், வால்வு மூடியைத் திறந்தால் ஒரு ராக்கர் மட்டும் அரைகுறையாக அசைகிறது: கேம் ஷாஃப்ட்டின் மேடு தேய்ந்துவிட்டது. இந்த இன்ஜின்களின் தட்டையான டாப்பெட்டுக்கு, ஆயிலில் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம் போதிய அளவில் வேண்டும். இன்றைய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய இன்ஜின்களுக்கென்று விற்கும் ஆயிலைத் தேடி வாங்குங்கள்.

சூடு ஏறுகிறது

முள்ளை நம்புமுன் அகச்சிவப்பு வெப்பமானியால் தெர்மோஸ்டாட் வீட்டை அளந்து பாருங்கள். முள் பொய் சொல்வதற்கான காரணம் கீழே வருகிறது.

உண்மையிலேயே சூடு என்றால் எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். நெரிசலில் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கினால் காற்றுக் குறை: ஃபேன், அதைச் சுற்றிய கூடு, பின்தங்கிய டைமிங். நெரிசலில் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் ஏறினால் தண்ணீர் ஓட்டம் குறை: ரேடியேட்டருக்குள் துரு, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்வது. ஹோஸின் உள்ளே சுருள் கம்பி இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள்.

இன்ஜினைப் பிரித்துச் சேர்த்த நாளிலிருந்தே சூடு என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். அதில் ‘முன்பக்கம்’ என்று பொறித்திருக்கும். ஒரு பக்கத்துக் கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டுவிட்டால் தண்ணீர் ஹெட்டின் பின்கோடிவரை போகாமல் குறுக்கே திரும்பிவிடும்.

சூடாக நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கிறது

கார்புரேட்டருக்குள் எட்டிப் பாருங்கள். ஈரமாகச் சொட்டினால், சூட்டில் பெட்ரோல் கொதித்து வழிந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடித்து, மறுபடி மறுபடி மிதிக்காமல், செல்ஃப் அடியுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் குழாய் சூடான இடத்தை ஒட்டி ஓடுகிறதா என்று தேடுங்கள். செல்ஃபே மெதுவாகச் சுழன்றால் முதல் பிரிவுக்குத் திரும்புங்கள்.

பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்து தவறு காட்டுகின்றன

இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் மின்சாரம் தருவது மீட்டர் பெட்டியின் முதுகில் இருக்கும் சிறிய மின்னழுத்தச் சீராக்கி. 12 வோல்ட்டை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 5 வோல்ட் ஆக்குவது அதன் வேலை. அதன் எர்த் தளர்ந்தாலோ உள்ளே ஒட்டிக்கொண்டாலோ எல்லா முள்ளும் உச்சிக்கு ஓடும். ஒரு முள் மட்டும் தவறினால் சீராக்கி நலம். அந்தந்த சென்சாரைப் பாருங்கள். பெட்ரோல் சென்சார் காலியில் சுமார் 73 ஓம், நிறைவில் சுமார் 10 ஓம் காட்டும். மீட்டருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கவே கூடாது.

ஆட்டோமேட்டிக் மந்தமாகக் கிளம்புகிறது, ஆயில் குறைகிறது

1965–66 சி4 கியர்ப்பெட்டியின் லிவரில் இரண்டு புள்ளிகள் இருக்கும். பெரிய பச்சைப் புள்ளியில் வைத்தால் முதல் கியரில் கிளம்பும்; சிறிய புள்ளியில் வைத்தால், வழுக்கும் சாலைக்காக, இரண்டாவது கியரில் கிளம்பும். இது தெரியாமல் கியர்ப்பெட்டியைப் பிரிக்கச் சொல்லும் புது உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

கீழே சொட்டே இல்லை, ஆனால் ஆயில் குறைகிறது, சைலன்சரில் வெண்புகை வருகிறது என்றால், இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு கியர்ப்பெட்டியின் அழுத்தத்தைச் சரிசெய்யும் வேக்குவம் மாடுலேட்டரின் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்து, இன்ஜின் அந்த ஆயிலைக் குடிக்கிறது. மலிவான பாகம், எளிய வேலை. நிரப்பும்போது ‘டைப் எஃப்’ ஆயில்.

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது பெடல் தரைக்குப் போகிறது

பெடல் தரைக்குப் போனால் அந்தக் காரை ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. 1966 வரையிலான மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967 மாதிரியிலிருந்து இரட்டை அறை வந்தது. அசல் தன்மையை உயிராக நினைப்பவன் நான். ஆனாலும் சாலையில் ஓடும் காருக்கு இரட்டை அறை சிலிண்டரைப் பொருத்தி, அசலைப் பெட்டியில் வைப்பதே சரி என்பேன்.

ஒரு பக்கம் இழுத்தால் டிரம்மைக் கழற்றுங்கள். சக்கரச் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருக்கலாம். ஷூக்கள் இடம் மாறியும் இருக்கலாம்: லைனிங் குட்டையான ஷூ காரின் முன்புறம் நோக்கியும், நீளமானது பின்புறம் நோக்கியும் இருக்க வேண்டும். மிதித்து விட்ட பிறகும் ஒரு சக்கரம் இறுகி நின்றால், அந்தச் சக்கரத்தின் பிளீடர் திருகைத் தளர்த்துங்கள். உடனே விடுபட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. வெளியே அது புதிது போலவே தெரியும்.

டிக்கியில் பெட்ரோல் வாசனை

இதைத் தள்ளிப் போடாதீர்கள். இந்தக் காரில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடே டிக்கியின் தரை. டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் நடுவே இரும்புச் சுவர் கிடையாது. நிரப்பும் குழாயை டேங்கோடு இணைக்கும் ரப்பர் ஹோஸ் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. அது வெடித்திருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சென்சாரின் வாஷர், டேங்கின் விளிம்புத் துரு.

மழை பெய்தால் கால் நனைகிறது

மேலே சொன்னவை பெரும்பாலும் நூறு டாலர்களில் முடியும். இது அப்படியல்ல, ஆகவே வாங்குமுன் கட்டாயம் சோதிக்க வேண்டியது இதுதான்.

நனைந்த கார்பெட்டைத் தொட்டு முகருங்கள். இனிப்பு வாசனையும் பிசுபிசுப்பும் இருந்தால் ஹீட்டரின் உள் ரேடியேட்டர் கசிகிறது. அதை மாற்றினால் தீரும். வெறும் தண்ணீர் என்றால் கௌல். முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே துளைகள் உள்ள பகுதி அது. இரு தகடுகளை இணைத்த பெட்டி போல அமைந்தது. உள்ளே விழும் தண்ணீர் இரு ஓரங்கள் வழியே மட்கார்டுக்குப் பின்னால் வெளியேற வேண்டும். இலைச் சருகு அடைத்து ஈரம் தேங்கி, காற்றுத் துவாரங்களைச் சுற்றிய கழுத்து துருப்பிடித்து ஓட்டையாகிறது.

கார்பெட்டை விலக்கி, ஒருவர் டார்ச்சுடன் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் துளைகளில் தண்ணீர் ஊற்றட்டும், முதலில் ஒரு ஓரம், சில நிமிடம் கழித்து மறு ஓரம். எங்கே சொட்டுகிறது என்பது தெளிவாகத் தெரியும். ஒட்டும் பிளாஸ்டிக் தொப்பிகள் விற்கிறார்கள். சில ஆண்டு தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். முறையான பழுதுக்கு மட்கார்டுகளையும் முன் கண்ணாடியையும் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு, மேல்தகட்டைப் பிரிக்க வேண்டும். விற்பவர் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை என்றால் கௌல் ஓட்டை என்றே கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.

கௌல் ஒழுகிய காரில் அடித்தளத் தகடும் போயிருக்கும். கூடவே பேட்டரித் தட்டுக்குக் கீழே உள்ள சட்டம், டிக்கியின் பக்கக் குழிகள், பின் சக்கர வளைவின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். அடியில் புதிதாகக் கரும்பூச்சு அடித்த காரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

கதவு மூடும்போது பின்மூலை உரசுகிறது

கதவைத் திறந்து ஓரத்தைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆடினால் கீல். ஆடவில்லை, ஆனால் கதவின் பின்னிடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருக்கிறது என்றால் உடலே நடுவில் தொய்ந்திருக்கிறது. மேற்கூரை மடக்கும் கன்வர்ட்டிபிளில் இது வந்தால், வலுவூட்டிய பக்கச் சட்டங்கள் உள்ளிருந்து அரித்துவிட்டன. கீலைச் சரிசெய்து கதவை மூடவைத்து விற்கும் தந்திரம் உண்டு.

ஜிடி என்கிறார்கள், எண்கள் வேறு சொல்கின்றன

கோளாறுகளிலேயே அதிகப் பணம் தின்பது இது. ஜிடி என்ற உயர்திறன் விருப்பத் தொகுப்பு 1965 ஏப்ரலில் அறிமுகமானது; ‘ஏ’ அல்லது ‘கே’ இன்ஜினோடு மட்டுமே கிடைத்தது. வாகன எண்ணில் ‘சி’ இருந்து, மட்கார்டில் ஜிடி சின்னம் இருந்தால் அது பின்னால் ஒட்டியது. ‘ஏ’ இருந்தாலும் அதுவே சான்றாகாது, ஏனென்றால் ஜிடி என்பது எண்ணிலும் இல்லை, கதவில் பொருத்திய விவரத் தகடான கதவுத் தகட்டிலும் இல்லை. முன் டிஸ்க் பிரேக், இரட்டைச் சைலன்சரைத் தொங்கவிடப் பின்சட்டத்தில் தொழிற்சாலையிலேயே பற்றவைத்த வலுத்தகடு போன்றவற்றைத் தேட வேண்டும். 1967 மாதிரி முதலான கார்களுக்கு மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளிலிருந்து அறிக்கை தருகிறது. 1965–66-க்கு அந்த வசதி இல்லாததால் இரும்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

உடல் வகையும் எண்ணிலேயே இருக்கிறது: 07 கூப்பே, 08 கன்வர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். 1966 மாதிரியில் கூப்பே 4,99,751, கன்வர்ட்டிபிள் 72,119, ஃபாஸ்ட்பேக் 35,698 உற்பத்தியாயின. கூப்பேயின் கூரையை வெட்டி ஃபாஸ்ட்பேக் ஆக்குவதற்கான காரணம் அந்த எண்களில் இருக்கிறது. எண்ணில் 07, சாய்ந்த கூரை என்றால் மாற்றிய கார். அழகாக இருக்கலாம், விலை வேறு.

கதவுத் தகட்டை மட்டும் நம்பாதீர்கள், கதவை மாற்றலாம். பானட்டைத் திறந்து ஓட்டுநர் பக்க உள் மட்கார்டின் மேல்விளிம்பில் அடித்திருக்கும் எண்ணை உரிமைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். மட்கார்டைக் கழற்றினால் மறைவாக அடித்த எண்ணும் தெரியும்.

‘அசல் இன்ஜின்’ என்ற பேச்சுக்கும் அளவுகோல் உண்டு. ‘கே’ இன்ஜின்களில் வாகன எண் பொறித்தார்கள். ‘சி’, ‘ஏ’ பிளாக்குகளில் பொறிக்கவில்லை. வார்ப்புத் தேதியை வைத்துத்தான் பேச முடியும். ‘5டி12’ (5D12) என்றால் 1965 ஏப்ரல் 12. அது கதவுத் தகட்டில் உள்ள தயாரிப்புத் தேதிக்குச் சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ முந்தியிருந்தால் பொருந்துகிறது. கார் தயாரான தேதிக்குப் பிந்திய வார்ப்பு என்றால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது வேறு காரின் இன்ஜின். அந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும்.